பின் வரிசை வித்வான்

உலகத்தில் எந்தக் குழந்தையாவது, "எனக்குப் பாஸூன் வாங்கிக் கொடு" என்று கேட்டுத் தரையில் புரண்டு அழுததுண்டா? நாம் அறிந்த வரையில் இல்லை. பிடில் கேட்டு அழுத குழந்தைகள் உண்டு. புல்லாங்குழல் கேட்டு அழுத குழந்தைகளைத் திருவிழாக் கடைத்தெருவில் வேண்டிய மட்டும் பார்க்கலாம். பாஸூன் கேட்டு ஒரு பிள்ளை அழுதால், தகப்பனார் முதலில், "அது என்னடா, தின்கிற பண்டமா?" என்றுதான் விசாரிப்பார்.

நேயர்களில் சிலரும் அவ்விதமே விசாரிக்கக் கூடுமாதலால், அதை முதலில் சொல்லி விடுகிறோம். மேல்நாட்டு வாத்திய கோஷ்டியில் எழுபது எண்பது பேர் உட்கார்ந்து வாசிப்பார்கள். முன்னால் பிடில்காரர்களின் பெருங்கூட்டம். அவர்களுக்குப் பின்னால் நடுவில் ஊதுகிறவர்கள். அந்த ஊதுகிறவர்களுக்குள்ளும் பின் வரிசையில், அடுப்புக்குப் போக வேண்டிய நீண்ட கட்டை ஒன்றை மார்பின் குறுக்கே அணைத்துக் கொண்டிருப்பவர்போல ஒருவர் தென்படுவார். அந்தக் கட்டைதான் பாஸூன். மேப்பிள் மரத்தில் குடைந்த குழல் அது. நீட்டி வைத்தால் எட்டு அடிக்கு மேல் வரும். அத்தனை நீளத்தை எந்த மனிதனாலும் கையாள முடியாதென்று, இரண்டாக மடித்துச் சுமார் நாலரை அடி உயரத்தில் அமைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் கொக்கின் கழுத்தைப்போல வளைந்த மெல்லிய உலோகக் குழாய் ஒன்று நீட்டிக் கொண்டிருக்கும். அதன் நுனியில் சீவாளி. ஆம், சீவாளியேதான், நமது நாகஸ்வரத்துக்கு இருப்பதுபோல இரட்டை நாக்கு உள்ளது. இடது கட்டை விரலுக்கு, இந்த வாத்தியத்தில் எட்டு ஒன்பது சாவிகளைக் காவல் காக்கும் உத்தியோகம் கொடுத்திருக்கிறார்கள்.

இதன் குரல் மந்தர ஸ்தாயியில் தொடங்கி மூன்று ஸ்தாயிகளுக்கு மேல் ஏறும். ஆனால் பொது ஜனங்களுக்குத் தெரிந்தது கீழே இருக்கும் குரல் மட்டுமே. கோமாளி வர வேண்டுமா? பாஸூனைக் கூப்பிடு. முணுமுணுக்கும் கிழவர் வர வேண்டுமா? பாஸூனைக் கூப்பிடு. ருஷ்யாவில் புரோகோபீவ் என்பவர் 1936-ஆம் வருஷத்தில் குழந்தைகளுக்காக ஓநாய்க் கதை ஒன்றைச் சங்கீதத்தில் அமைத்தபோது, தாத்தாவின் பாத்திரத்தை இதற்குத்தான் கொடுத்தார். 1897-ல் பிரெஞ்சுக்காரரான டூகா, மந்திரவாதியின் சிஷ்யப்பிள்ளை ஏவிவிட்ட துடைப்பம் எழுந்து நடக்கும் காட்சிக்கும் இதையே அழைத்தார். அறிந்தவர்கள் மாத்திரம் வேறு விதமாக எண்ணினார்கள். சைக்கோவ்ஸ்கி தமது கடைசி ஸிம்பனியின் முதல் வார்த்தையை இதன் வாயால்தான் சொல்ல வைத்தார். 1913-ல் பாரிஸில் பெரிய கலவரத்தைக் கிளப்பிய ஸ்டிராவின்ஸ்கியின் நாட்டிய சங்கீதமும் தன்னந்தனியான ஒரு பாஸூனின் உச்சக் குரலில்தான் ஆரம்பமாகிறது.

இத்தனை விவரமும் நமக்கு முன்பே தெரியும் என்று நேயர்கள் எண்ணி விடக் கூடாது. நமக்கு ஒரு கிராமபோன் சிநேகிதர் உண்டு. பழைய தட்டுக்கள் எங்கே கிடைத்தாலும் வாங்கிச் சேர்ப்பது அவருக்கு வியாதி. நீலகிரியில் தோட்டத் துரை ஒருவருடைய பங்களாவைக் காலி செய்தபோது, ஏலத்தில் ஒரு பெட்டி தட்டுக்களை விலைக்கு வாங்கி வந்தார். அதில் பாதி உடைந்தவை. மீதியில் பாதி நடனப் பாட்டுக்கள். எஞ்சியவற்றுக்குள் ஒரு கட்டு இருந்தது. மொஸார்ட் இயற்றிய பாஸூன் கன்ஸெர்ட்டோ. வாசிப்பவர் ஆர்ச்சி காம்டன். உடன் வாசிப்பது ஸர் ஹாமில்டன் ஹார்ட்டியின் தலைமையில் மான்செஸ்டர் ஹாலே வாத்திய கோஷ்டி. பதிவான வருஷம் 1926.

மான்செஸ்டர்! அந்தப் பெயரைக் கண்டதும் நமக்குள் ஏதோ ஒன்று முகத்தைச் சுளித்துக் கொண்டது என்பதை ஒப்புக் கொள்கிறோம். மான்செஸ்டர் என்றால் மல் துணி. மான்செஸ்டர் என்றால் தறி நின்று போன நெசவாளர் தெரு. எங்கள் பாட்டனார் தமது கல்யாணத்து மல் வேஷ்டியைச் சந்தைத் திடலில் நெருப்பில் போட்டவர். பாட்டி அதைச் சாகும் வரையில் சொல்லிக் கொண்டிருந்தாள். தேசபக்தியினால் அல்ல, "கெட்டி ஜரிகை" என்ற வருத்தத்தினால். அப்படிப்பட்ட வீட்டில் மான்செஸ்டர் தட்டு சுழலலாமா?

இன்னும் கேளுங்கள். ஹாலே கோஷ்டி வாசித்து வந்த மண்டபத்தின் பெயரே சுதந்திர வர்த்தக மண்டபம். எந்த வர்த்தகத்துக்கு எந்தச் சுதந்திரம் என்பதை நமது நெசவாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த மண்டபம் நிற்கும் மண்ணுக்கு வேறொரு சரித்திரமும் உண்டு. 1819-ஆம் வருஷம் அங்கே வாக்குரிமை கேட்டுத் திரண்டிருந்த ஏழை ஜனங்களின்மீது குதிரைப் படையை ஏவிக் கத்தியால் வெட்டினார்கள். வெட்டினவர்களும் ஆங்கிலேயர், வெட்டுப்பட்டவர்களும் ஆங்கிலேயர். 1931 செப்டம்பரில் மகாத்மா லங்காஷயர் ஜில்லாவுக்குச் சென்றபோது, அன்னியத் துணிப் பகிஷ்காரத்தினால் வேலை இழந்த மில் தொழிலாளர்களே அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். அந்தப் புகைப்படத்தைப் பார்த்திராதவர் யார்? மகாத்மா போய் நின்ற சீமையிலிருந்து ஒரு தட்டு வந்தால், கேட்டு வைப்பதில் தோஷமில்லை என்று முடிவு செய்தோம். மேலும், சிநேகிதர் அதற்குள் சாவி கொடுத்து முடித்திருந்தார்.

அந்த முதல் கேள்வியைப்பற்றி அதிகமாக எழுதப் போவதில்லை. தட்டு நூறு வருஷத்தை நெருங்கியது. வெங்காயம் வதங்குகிற சப்தம் இடைவிடாமல் கேட்டது. ஒவ்வொரு பக்கமும் நாலு நிமிஷத்தை ஒட்டி ஓடி நின்று விடும். சங்கீதம் பாதி வாக்கியத்தில் அறுந்து தொங்கும். சிநேகிதர் எழுந்து தட்டைத் திருப்புவார். ஆனாலும் நடுவில் வரும் சௌக்க காலப் பகுதியில், கோமாளி என்று பெயர் வாங்கிய அந்த வாத்தியம் நிதானமாகத் தனது துக்கத்தைச் சொல்லத் தொடங்கியபோது, நாங்கள் இருவரும் காபியை ஆற விட்டு விட்டோம். மொஸார்ட் இதை 1774 ஜூன் மாதத்தில், பதினெட்டு வயதில் எழுதினார். தட்டில் வாசித்த காம்டனுக்கு அப்போது முப்பத்தெட்டு.

வாசித்தவர் யார் என்று தேடப் புகுந்தோம். புகுந்த பிறகு நிறுத்த முடியவில்லை.

ஆர்ச்சி காம்டன் 1888-ல் இங்கிலாந்தில் நியூவார்க் என்ற சந்தை ஊரில் பிறந்தார். மான்செஸ்டர் ராஜாங்க சங்கீதக் கலாசாலையில் பாஸூன் பயின்றார். ஆசான் ஆட்டோ ஷீடர், ஹாலே கோஷ்டியின் பாஸூன் வித்வான். அந்தக் காலத்து நிலைமையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இங்கிலாந்து முழுவதும் அப்போது பிரெஞ்சு முறைப் பாஸூன்தான் வழக்கம். அது குரல் சற்று மெலிந்து, மூக்கினால் பேசுவதுபோலிருக்கும். அதற்கென்று ஓர் அழகும் உண்டு. ஜெர்மனியில் ஹெக்கல் குடும்பத்தார் பல்லாண்டுகள் உழைத்துச் சீர் செய்த முறை வேறு. அதில் கீழிருந்து மேல்வரை குரல் ஒரே உருண்டையாக வரும். ஹாலே கோஷ்டியையோ 1858-ல் ஸ்தாபித்தவரே சார்லஸ் ஹாலே என்ற ஜெர்மானியர். 1899 முதல் 1911 வரை அதை நடத்தியவர் ஹங்கேரி நாட்டில் பிறந்த ஹான்ஸ் ரிக்டர். வாக்னருடைய மாபெரும் நாடகத் தொடரை 1876-ல் முதன் முதலாக அரங்கேற்றிய புகழுடையவர். ஆகவே அந்தக் கோஷ்டியில் ஜெர்மன் முறைப் பாஸூன் குடிபுகுந்திருந்தது. காம்டனும் அதையே கையில் எடுத்தார். ஆசான் வெளியூர், வாத்தியம் வெளியூர், மூச்சு மாத்திரம் உள்ளூர்.

உலகத்துக்கெல்லாம் துணி விற்ற நகரம் சங்கீதத்தை இறக்குமதி செய்து கொண்டிருந்ததை நினைக்கும்போது நமக்குச் சிரிப்பு வராமலில்லை. ஆனால் அவர்கள் இறக்குமதியோடு நின்று விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1906-ல், பதினெட்டு வயதில், காம்டன் ரிக்டரின் தலைமையில் ஹாலே கோஷ்டியில் சேர்ந்தார். 1914-ல் முதல் பாஸூன் பீடம் அவருக்கு வந்தது. அதே வருஷம் கலாசாலையில் கற்பிக்கவும் தொடங்கினார். 1914 என்ன வருஷம் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மானியப் பெயருள்ள எதைக் கண்டாலும் ஜனங்கள் சீறி விழுந்த காலம். காம்டன் ஜெர்மன் முறை வாத்தியத்தை விட்டு விடவில்லை. வாத்தியம் யாரோடும் யுத்தம் செய்யவில்லையே!

இருபத்தேழு வருஷம் அவர் மான்செஸ்டரில் இருந்தார். வாத்திய கோஷ்டிக்காரனுடைய அந்நாளைய ஜீவனம் எப்படிப்பட்டதென்று பட்டினத்து ரசிகர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. குளிர்காலத்தில் கச்சேரிக்கு இவ்வளவென்று கூலி. வஸந்தம் வந்தால் பருவம் முடிந்தது. கடற்கரை ஊர்களில் உல்லாசப் பயணிகளுக்கு வாசிக்கப் போக வேண்டும். இல்லாவிட்டால் பாடம் சொல்லிக் கொடுத்துச் சாப்பிட வேண்டும். நமது ஊர் மேளக்காரர்களுக்கு ஆடி மாதமும் மார்கழி மாதமும் எப்படியோ, அவர்களுக்குக் கோடை அப்படி. 1930-ல் பி.பி.சி. ரேடியோ ஸ்தாபனத்தார் லண்டனில் சொந்த கோஷ்டி அமைத்து, ஆதிரியன் போல்ட்டைத் தலைவராக்கி, வருஷம் முழுவதற்கும் சம்பளம் என்று ஏற்பாடு செய்தபோது, வித்வான்கள் அந்தப் பக்கம் திரும்பியதில் ஆச்சரியமில்லை. 1933-ல் ஹார்ட்டியும் ஹாலேயை விட்டார். காம்டனும் லண்டனுக்கு வந்து பி.பி.சி. கோஷ்டியில் சேர்ந்தார்.

அந்த வருகையினால் ஒரு விசேஷம் நிகழ்ந்தது. தலைநகரத்துப் பாஸூன்காரர்கள் ஜெர்மன் முறைக் குரலை அன்றாடம் ரேடியோவில் கேட்கலானார்கள். தட்டிலும் கேட்டார்கள். சில வருஷங்களுக்குள் இங்கிலாந்தில் பலரும் பழைய பிரெஞ்சு வாத்தியத்தைப் பெட்டியில் பூட்டி விட்டு, விரல்களுக்குப் புதிதாக அரிச்சுவடி சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நாற்பது வயதில் கைப்பழக்கத்தை மாற்றுவது விளையாட்டல்ல. மாற மாட்டேன் என்று நின்றவர்களும் உண்டு. பில்ஹார்மோனியா கோஷ்டியின் ஸெஸில் ஜேம்ஸ் பிரெஞ்சு வாத்தியத்தையே கடைசிவரை வைத்துக் கொண்டு அற்புதமாக வாசித்தார். அவருடைய தட்டுக்களையும் கேட்டுப் பார்த்தோம். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆனால் ஒரு நாட்டில் இருந்த இரண்டு குரல்களில் ஒன்று ஏறக்குறைய மறைந்து போனதே என்று சற்று வருத்தமாயிருந்தது.

இரண்டாவது யுத்தத்தில் பி.பி.சி. கோஷ்டி லண்டனை விட்டுப் பிரிஸ்டலுக்குப் போயிற்று. அங்கும் குண்டு விழவே, 1941-ல் பெட்போர்டுக்குப் போயிற்று. 1940 டிஸம்பரில் மான்செஸ்டரில் விழுந்த குண்டுகளில் சுதந்திர வர்த்தக மண்டபம் எரிந்து சுவர் மட்டும் மிஞ்சியது. காம்டன் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்து வாசித்த இடம். 1946-ல் அவர் பி.பி.சி.யை விட்டு, பீச்சம் புதிதாக அமைத்த ராயல் பில்ஹார்மோனிக் கோஷ்டியில் சிறிது காலம் இருந்தார். வயது ஐம்பத்தெட்டு. நமது நாட்டில் உத்தியோகஸ்தர்கள் ஒரு காலத்தில் மாலையும் சந்தனமும் பெற்றுக் கொண்டு சாய்வு நாற்காலிக்குப் போன வயது. அவரோ 1954-ல், அறுபத்தாறாவது வயதில், லண்டன் மொஸார்ட் வாத்தியக்காரர்கள் என்ற சிறு கோஷ்டியில் முதல் பாஸூனாக அமர்ந்தார். எழுந்தது 1971-ல். அப்போது எண்பத்து மூன்று!

எண்பத்து மூன்று வயதில் பாஸூன் ஊதுவது என்றால் என்ன என்பதை நமக்கு விளக்கியவர், நமது ஊர்க் கோவில் நாகஸ்வர வித்வான் ஒருவர். சிநேகிதரின் தட்டை அவருக்கு ஒரு நாள் போட்டுக் காட்டினோம். வாத்தியத்தைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக் கொண்டு கேட்டார். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும், "ஐயா, இது சீவாளி வாத்தியமல்லவா? ஆரம்பிக்கிறபோது நாக்கு தொட்டு எடுக்கிற சப்தம் கேட்கிறதே!" என்றார். நாம் படத்தைக் காட்டியதும் அவருக்கு உற்சாகம் பொங்கி விட்டது. இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்துத் தமது சீவாளிகளைத் தரையில் பரப்பினார். காவேரிக் கரைக் கொறுக்கையில் செய்தவை. இது கச்சேரிக்கு, இது பழக்கத்துக்கு, இது மழை நாளைக்கு, இது இன்னும் வழிக்கு வராதது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்.

பாஸூன்காரர்களுக்கும் இதே பாடுதான். அவர்களுக்கு உகந்த நாணல் தெற்கு பிரான்ஸில் கடலோரமாக விளைகிறது. அதைப் பிளந்து, உட்புறம் சுரண்டி, இரண்டாக மடித்து, கம்பியும் நூலும் சுற்றி, நுனியை வெட்டித் திறந்து, கத்தியால் மயிரிழை மயிரிழையாகச் சீவ வேண்டும். அரை இழை அதிகம் சீவினால் கீழ்க்குரல் போயிற்று. குறைவாகச் சீவினால் மேல்குரல் வராது. இவ்வளவும் செய்து ஒரு நல்ல சீவாளி வாய்த்தால், அதன் ஆயுசு சில வாரங்கள். தொழில் முறை வித்வான் ஒருவன் வாசிக்கும் நேரத்தைக் காட்டிலும் கத்தியோடு உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகமென்றால் நம்பலாம். அறுபத்தைந்து வருஷம் காம்டன் வாயில் வைத்த சீவாளிகளைக் குவித்தால் ஒரு சிறு வைக்கோற்போராவது தேறும். நமது வித்வான் இதைக் கேட்டு விட்டுத் தலையை ஆட்டினார். "அப்படியானால் அங்கேயும் வீட்டுக்காரிக்குத் தரையைப் பெருக்குகிற வேலைதான்" என்றார்.

கோஷ்டியில் எழுபது பேரோடு வாசிப்பது ஒன்று. ஐந்தாறு பேர் நெருங்கி உட்கார்ந்து வாசிப்பது வேறு. மேல்நாட்டார் அறைச் சங்கீதம் என்று சொல்லும் இந்த முறையில் தலைவன் கிடையாது, கோல் கிடையாது. பின் வரிசை என்பதும் கிடையாது. மொஸார்ட் 1784-ல் பியானோவுக்கும் நான்கு ஊதுகுழல்களுக்குமாக ஓர் உருப்படி செய்து, தாம் அதுவரை எழுதியவற்றிலே அதுவே சிறந்தது என்று தகப்பனாருக்குக் கடிதம் எழுதினார். நான்கில் பாஸூன் ஒன்று. ஷூபர்ட் 1824-ல் எட்டுப் பேருக்காக எழுதியதில் அது உண்டு. காம்டன் இவ்விதக் கச்சேரிகளிலும் ஆயுள் முழுவதும் ஈடுபட்டிருந்தார். புதிய உருப்படிகளும் அவரைத் தேடி வந்தன. மான்செஸ்டர்வாசியான எரிக் பாக் 1931-ல் அவருக்காக ஒரு கன்ஸெர்ட்டோ எழுதினார்; 1947-ல் கார்டன் ஜேக்கப் ஒன்று எழுதினார். ஒரு வாத்தியத்துக்கு நல்ல வித்வான் பிறந்தால், சாகித்தியம் தானே பின்னால் வருகிறது.

ஆனால் நம்மை உறங்க விடாமல் செய்தது அவர் வாசித்ததைக் காட்டிலும் கற்பித்தது. 1914 முதல் மான்செஸ்டரில், பிறகு லண்டன் ராயல் சங்கீதக் கலாசாலையில், அவர் பாடம் சொன்னார். 1962-ல் பாஸூன் வாசிக்கும் முறையைப்பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். குமாரர் கெர்ரி காம்டனும் பாஸூன் வித்வான் ஆனார். எந்தப் பிள்ளையும் அழுது கேட்காத வாத்தியத்துக்கு, வருஷந்தோறும் பிள்ளைகள் வந்து சேர்ந்து கொண்டிருந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா? 1969-ல் ஆங்கில சர்க்கார் ஓ.பி.ஈ. பட்டம் கொடுத்தார்கள். சர்க்கார் பட்டங்கள் விஷயத்தில் எங்கள் வீட்டில் பரம்பரையாகவே உற்சாகம் குறைவு. ஆகையால் அதைத் தாண்டிப் போகிறோம். 1979-ல் அவர் காலமானார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1982-ல் புத்தகமாக வெளிவந்தன.

உறங்க விடாமல் செய்தது என்றோமே, அதற்குக் காரணம் சொல்லாமல் விட்டால் நேயர்களை ஏமாற்றியதாகும்.

நமது தமக்கைக்கு ஒரு மகன். பத்து வயதில் அவன் ஸ்ரீராமநவமிக் கச்சேரி ஒன்றில் முன்னால் உட்கார்ந்து கேட்டான். எல்லோரும் பாட்டைக் கேட்க, அவன் மிருதங்கத்துக்கு அப்பால் உட்கார்ந்திருந்த கட வித்வானையே வாய் திறந்து பார்த்துக் கொண்டிருந்தான். மறுநாளிலிருந்து வீட்டில் தண்ணீர்ப் பானைக்கு ஓய்வு இல்லை. இரண்டு பானை உடைந்த பிறகு தமக்கை ஓர் ஆசிரியரிடம் கொண்டு போய் விட்டாள். மானாமதுரையிலிருந்து ஒரு கடம் தருவித்தார்கள். எட்டு மாதம் கற்றுக் கொண்டான். ஆசிரியர், "பிள்ளைக்குக் கை இருக்கிறது" என்றார். அவர் எவரையும் லேசில் புகழ்கிறவர் அல்லர்.

அந்தச் சமயத்தில் ஒரு தீபாவளிக்கு உறவினர்கள் எல்லோரும் கூடியிருந்தோம். பையன் கூடத்தின் மூலையில் கடத்தை மடியில் வைத்துக் கொண்டு பாடம் சாதகம் செய்து கொண்டிருந்தான். நாம் ஊஞ்சலில் இருந்தோம். சபையில் ஒரு நகைச்சுவை உதிர்க்க வேண்டுமென்ற சபலம் நமக்கு எப்போதும் உண்டு. "பிடிலாவது வீணையாவது கற்றுக் கொண்டாலும் சரி. பானை தட்டுகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? தனி ஆவர்த்தனம் வந்தால் சபையே காபிக்கு எழுந்து போய் விடுகிறதே! அதிலும் இவன் முறை வருகிறபோது, போனவர்கள் இரண்டாவது தம்ளர் குடித்துக் கொண்டிருப்பார்கள்" என்றோம். எல்லோரும் சிரித்தார்கள். மைத்துனர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பையனும் சிரித்தான்.

அவன் கோபித்துக் கொண்டிருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும். பொங்கலுக்குள் பாடம் நின்று விட்டது. பரீட்சை வருகிறது என்று காரணம் சொன்னார்கள். கடம் பரணுக்குப் போயிற்று. ஆசிரியர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். பிறகு அவரும் நிறுத்திக் கொண்டார். பையன் படித்துத் தேறி, கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் நல்ல நிலைமைக்கு வந்திருக்கிறான். யார் மீதும் குறை சொல்வதற்கில்லை. நாமும் அந்தத் தீபாவளியை மறந்திருந்தோம். அல்லது மறந்து விட்டதாக எண்ணியிருந்தோம். காம்டன் தட்டைக் கேட்ட இரவு, இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய அந்தச் சிரிப்பு நமது காதில் வந்து உட்கார்ந்து கொண்டது. சீமையில் ஒரு நகரம், கோமாளி வாத்தியம் என்று உலகம் சொல்வதைக் கற்றுக் கொடுக்க ஆசானும் கலாசாலையும் வைத்துப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தது. நாம் ஊஞ்சலில் ஆடிக் கொண்டே ஒரு பிள்ளையை எழுப்பி விட்டோம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிநேகிதரிடம் கெஞ்சிக் கிராமபோனையும் தட்டுக்களையும் நமது வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்திருந்தோம். மருமகப் பிள்ளை ஏதோ வரிக் கணக்குக் காகிதத்தில் நமது கையெழுத்து வாங்க வந்தான். தற்செயலாகத்தான் வந்தான், நாம் வரவழைக்கவில்லை. கையெழுத்து ஆன பிறகு, "இதைக் கொஞ்சம் கேள்" என்று போட்டோம்.

முதல் பக்கத்தைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே கேட்டான். சௌக்க காலம் வந்ததும் நாற்காலியில் சாய்ந்தான். கடைசிப் பகுதி ஒரு நாட்டிய நடையில், மூன்று எண்ணிக்கையில் போகும். அது பாதி ஓடுகையில் நாம் தற்செயலாக மேஜையின் பக்கம் பார்த்தோம். அவனுடைய வலது கை, காகிதக் கட்டின்மீது, நுனி விரல்களால் மட்டும், சப்தமே இல்லாமல் எண்ணிக் கொண்டிருந்தது. நாம் பார்ப்பதை அவன் பார்த்து விட்டான். கை நின்று விட்டது.

"யார் மாமா இவர்?" என்று கேட்டான்.

நேயர்களுக்குச் சொன்ன அத்தனையும் அவனுக்குச் சொன்னோம். நியூவார்க்கும், ஷீடரும், பதினெட்டும், எண்பத்து மூன்றும். எண்பத்து மூன்று என்றதும் அவன் நிமிர்ந்து பார்த்தான். சற்று நேரம் தட்டின் நடுவில் இருந்த காகிதத்தைப் படித்துக் கொண்டிருந்தான்.

"அவர் வீட்டில் யாரும் சிரிக்கவில்லையா?" என்றான்.

குரலில் குற்றச்சாட்டு ஒன்றுமில்லை. கணக்கில் ஒரு தொகை விடுபட்டதை விசாரிக்கிறவனைப்போல் சாதாரணமாகத்தான் கேட்டான். நமக்கு வழக்கமாகப் பதிலுக்குக் குறைவில்லை. அன்று ஒன்றும் வரவில்லை. "அந்தத் தீபாவளிக்கு..." என்று ஆரம்பித்தோம். "அதெல்லாம் எதற்கு மாமா, கடைசிப் பக்கத்தை இன்னொரு தரம் போடுங்கள்" என்றான். சாவி கொடுத்துப் போட்டோம். இந்தத் தடவை அவன் கையை மேஜையிலிருந்து எடுக்கவில்லை. நாம் ஜன்னல் பக்கம் பார்த்துக் கொண்டிருந்தோம்.

மறுநாள் மாலை, தமக்கை வீட்டிலிருந்து வேலைக்காரப் பையன் ஓடி வந்தான். பரணில் ஏற ஏணி வேண்டுமாம். அவர்கள் வீட்டு ஏணியில் இரண்டு படி உளுத்துப் போய் விட்டதாம்.

ஏணியைக் கொடுத்தனுப்பினோம்.